முள் இல்லாத மீன்: கடற்கரை வீட்டில் தையாக்கி சுடுவது எப்படி

எங்கள் தெருவில் ஒரு சம்மாட்டி மாமா இருக்கிறார், சொந்தப் படகு வைத்து மீன்பிடித் தொழில் செய்பவர். நான் முதன்முதலில் சுட்ட தையாக்கியைத் தட்டில் வைத்து நீட்டியபோது அதை எடுத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, "செதில் இருக்கு, செவுள் இருக்கு, முள்ளக் காணோமே, இது எந்தக் கடல்ல பட்டது தம்பி?" என்று கேட்டார். கடித்ததும் உள்ளேயிருந்து இனிப்புப் பூரணம் வர, ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் இன்னொன்று கேட்டு வாங்கினார். அன்றிலிருந்து கீழக்கரையில் நாலைந்து வீட்டில் "அந்த மீன் பணியாரம் எப்படிச் சுடுறது" என்று கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் வாட்ஸாப்பில் துண்டு துண்டாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் இது என்ன பண்டம் என்று சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் கோயில் விசேஷ நாட்களை என்னிச்சி என்பார்கள், திருவிழாவுக்கு மட்சூரி என்று பெயர். அந்த நாட்களில் கோயிலுக்குப் போகிற வழி முழுக்க யாத்தாய் என்கிற தள்ளுவண்டிக் கடைகள் முளைக்கும். ஏர்வாடி சந்தனக்கூடு நேரத்தில் தர்கா பக்கம் அல்வாக் கடையும் பொரிக் கடையும் வரிசை கட்டுமே, அந்த மாதிரி. அங்கே விற்கிற இனிப்புகளில் பேர் போனது தையாக்கி. தை என்பது அவர்கள் ஊர்க் கடல் மீன், சிவப்பாக, நம்ம விளைமீன் மாதிரி உடல்வாகோடு இருக்கும். யாக்கி என்றால் சுட்டது. மீன் வடிவ இரும்பு அச்சில் மைதாக் கரைசலை ஊற்றி, நடுவில் சிவப்புப் பயற்றுப் பூரணம் வைத்து மூடி, இரு பக்கமும் திருப்பிச் சுடுவார்கள். எண்ணெயில் பொரிப்பதில்லை, உள்ளே மீனும் கிடையாது. எங்கள் உம்மாவிடம் இதை மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

ஏன் அந்த மீன் என்றால், அவர்கள் மொழியில் மங்கலமானது, கொண்டாட வேண்டியது என்பதற்கு மெதெதை என்று ஒரு சொல் உண்டு. அதன் வாலில் தை இருக்கிறது பாருங்கள், அதனால் கல்யாணம், புது வருஷம் என்று நல்ல காரியத்துக்கெல்லாம் அந்த மீன்தான். விலையும் அதிகம். டோக்கியோவில் அசாபு ஜூபான் என்கிற இடத்தில் 1909இல் தொடங்கிய நானிவாயா என்ற கடையில்தான் தையாக்கி பிறந்தது என்பார்கள். அதற்கு முன்பே இமாகவாயாக்கி என்று வட்டமான பூரணப் பணியாரம் ஒன்று 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து விற்பனையில் இருந்தது, இமாகவா பாலத்துப் பக்கம் விற்றதால் அந்தப் பெயர். நானிவாயாக் கடைக்காரர் வட்டத்தை விட்டு முதலில் ஆமை உருவத்தில் சுட்டுப் பார்த்தாராம், எடுபடவில்லை. அப்புறம் இந்த மீனுக்கு மாறியதும் பிய்த்துக்கொண்டு போயிற்று என்று கதை. வாங்க முடியாத மீனைக் காசுக்கு ஒன்று என்று கையில் கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்.

சம்மாட்டி மாமா விழுந்து விழுந்து சிரித்த விஷயம் ஒன்று உண்டு. ஒரு மீனுக்கு ஒரு அச்சு, நீளக் கைப்பிடி, தனித்தனியாக நெருப்பில் திருப்பித் திருப்பிச் சுடுவது பழைய முறை. ஒரே தகட்டில் ஆறு, எட்டு என்று குழிகள் வைத்து ஒரே ஈட்டில் சுட்டுத் தள்ளுவது பிறகு வந்த முறை. தையாக்கிப் பிரியர்கள் முதலாவதைக் கடலில் பிடித்தது என்றும் இரண்டாவதைப் பண்ணையில் வளர்த்தது என்றும் சொல்வார்கள்! இறால் பண்ணைகளைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருக்கிற நம்ம கரைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

சரி, சுடுகிற கதைக்கு வருகிறேன். என்னிடம் இருக்கும் அச்சு கப்பலில் வேலை பார்க்கும் மச்சான் யோகோஹாமாவில் வாங்கி வந்தது, இரண்டு மீன் சுடலாம். அதை வாங்கிய கையோடு இணையத்தில் ஒரு செய்முறையைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்தேன். அழகாக வந்தது, பொன்னிறம், மொறுமொறுப்பு எல்லாம் இருந்தது. பத்து மீனைச் சூடாக ஹாட்பேக்கில் அடுக்கி லாத்தா, அதாவது அக்கா வீட்டுக்கு எடுத்துப் போய்த் திறந்தால் எல்லாம் தொங்கிப்போன பஞ்சு. வால் கையோடு வருகிறது. லாத்தா ஒரு வாய் தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஏன் ஊறப்போட்ட பன்னு மாதிரி இருக்கு?" என்றார். அங்கேதான் புரிந்தது, இந்தப் பண்டத்துக்கு எதிரி ஈரம். பூரணத்தில் இருக்கும் ஈரம், மாவில் இருக்கும் ஈரம், வெந்ததும் கிளம்பும் ஆவி, இதற்கெல்லாம் மேல் நம்ம கடற்கரைக் காற்றில் இருக்கும் பிசுபிசுப்பு. வெளியில் வைத்த முறுக்கு அரை நாளில் நமுத்துப்போகிற ஊர் இது. ஜப்பான்காரர்கள் வண்டியில் கண்ணெதிரே சுட்டு, வாய் திறந்த காகிதப் பையில் போட்டுச் சுடச்சுடக் கையில் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. இனிமேல் நான் சொல்வதில் பாதி இந்த ஈரத்தை விரட்டுகிற வேலைதான்.

பூரணத்தை முதல் நாளே செய்துவிடுங்கள். அவர்கள் இதற்கு ஆன்கோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அசூகி என்கிற சின்னச் சிவப்புப் பயற்றில் செய்வது. நமக்கு அது எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் விலை பார்த்தால் மனசு வராது. அதற்குச் சொந்தக்காரன் நம்ம ஊரிலேயே இருக்கிறான், சிவப்புத் தட்டப்பயறு, வடக்கே காராமணி என்பார்கள். இரண்டும் ஒரே பேரினம், பாசிப்பயறும் உளுந்தும்கூட அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். வெள்ளைத் தட்டப்பயறும் வேலைக்கு ஆகும், ஆனால் நிறம் வராது.

200 கிராம் தட்டப்பயற்றைக் கழுவி இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டு ஒரு கொதி வரவிட்டு, அதையும் கொட்டுங்கள். இந்த முதல் கொதித் தண்ணீரைக் கொட்டுவது ஜப்பான் முறையிலேயே உண்டு, பயற்றின் துவர்ப்பு போவதற்கு. தட்டப்பயற்றுக்கு ஒரு மண்வாசம் உண்டு என்பதால் நான் இரண்டு தடவை கொட்டுவேன். அப்புறம் பயறு மூழ்கி இரண்டு விரற்கடை நிற்கிற அளவு தண்ணீர் விட்டு குக்கரில் 5, 6 விசில். தண்ணீர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், நம்ம பக்கத்து போர் தண்ணீரில் பயறு என்றைக்கு ஒழுங்காக வெந்தது? காவிரித் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைத்ததோ, கேன் தண்ணீரோ ஊற்றுங்கள். ஊறவைப்பதற்கும் அதுதான். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அமுக்கினால் தோல் உட்பட நசுங்க வேண்டும். நசுங்கவில்லை என்றால் இன்னும் இரண்டு விசில் விடுங்கள், சர்க்கரை சேர்த்த பிறகு வெந்துவிடும் என்று நினைக்காதீர்கள். சர்க்கரை உள்ளே போய்விட்டால் வேகாத பயறு வேகாததாகவே நிற்கும். இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

வெந்ததை வடிகட்டிவிட்டு அடி கனமான சட்டியில் போட்டு அகப்பையால் பாதி மசியுங்கள். பாதிதான், பயறு பயறாகக் கொஞ்சம் வாயில் தட்டுப்பட வேண்டும். தோலோடு இப்படி இருப்பது ட்சுபுஆன். தோல் நீக்கிச் சல்லடையில் தேய்த்து, தண்ணீரில் அலசி, துணியில் பிழிந்து மழமழவென்று எடுப்பது கோஷிஆன். அதற்குப் பொறுமை உள்ளவர்கள் செய்யுங்கள், நான் ஒரே ஒரு தடவை செய்தேன், போதும்.

இனிப்புக்கு 160 கிராம். அங்கே வெள்ளைச் சர்க்கரைதான் போடுவார்கள். நான் பாதி சர்க்கரை, பாதி சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி போடுகிறேன். முழுக்கக் கருப்பட்டி போட்டால் ருசி அள்ளும், ஆனால் அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பூரணம் இறுகாமல் பிசுபிசுக்கும், அப்புறம் மீனின் வயிறு உள்ளேயிருந்து ஊறும். கருப்பட்டியை நேராகப் போடாதீர்கள், அரைக் கிளாஸுக்கும் குறைவான தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள், மண் இல்லாத கருப்பட்டியை நான் இன்னும் பார்க்கவில்லை. கடைசியில் இரண்டு சிட்டிகை உப்பு. இதையும் அவர்களே போடுகிறார்கள், உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

மிதமான தீயில் கிண்டிக்கொண்டே இருங்கள். தொதல் என்கிற நம்ம அரிசி மாவு, தேங்காய்ப்பால் இனிப்பைக் கிண்டிய கை உள்ளவர்களுக்கு இது விளையாட்டு, அதில் கால்வாசி நேரம்கூட ஆகாது. பதம் பார்ப்பது எப்படி என்றால், அகப்பையால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுங்கள். உடனே மூடிக்கொண்டால் பத்தாது. கோடு இரண்டு மூன்று விநாடி திறந்து நின்று மெதுவாக மூட வேண்டும். ஆறினால் இன்னும் இறுகும் என்று செய்முறைகளில் முன்னாலேயே இறக்கச் சொல்வார்கள், நம்ம ஊருக்கு அதைவிட ஒரு நிமிடம் கூடுதலாகக் கிண்டுவது நல்லது. இறக்கியதும் சட்டியிலேயே மூடி வைக்கக் கூடாது. மூடியில் வேர்த்த தண்ணீர் அத்தனையும் திரும்பப் பூரணத்தில் சொட்டும். அகலத் தட்டில் சின்னச் சின்னக் குவியலாகப் போட்டு ஃபேன் காற்றில் ஆறவிடுங்கள். நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில். இந்த அளவில் சுமார் அரைக் கிலோ கிடைக்கும், ஒரு ஈடு மாவுக்கு இதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் போதும். மீதியை ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் தாங்கும். எங்கள் வீட்டில் தாங்கியதில்லை, பிள்ளைகள் ரொட்டியில் தடவித் தீர்த்துவிடுவார்கள்.

மாவு இதைவிடச் சுலபம். மைதா 200 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சர்க்கரை 40 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, எல்லாவற்றையும் சேர்த்துச் சலியுங்கள். தனியாக ஒரு முட்டையை அடித்து, 230 மில்லி பால், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்து, அதை மைதாவில் ஊற்றிக் கலக்குங்கள். பாலை முழுக்க ஒரேயடியாக ஊற்றாமல் ஒரு சின்னக் கரண்டி நிறுத்தி வையுங்கள். மழைக்காலத்தில் திறந்து வைத்த மைதா ஏற்கெனவே காற்றில் ஈரம் குடித்திருக்கும், அப்போது அதே அளவு பால் ஊற்றினால் ஓடிப்போகும். ஆப்ப மாவைவிடக் கொஞ்சம் கெட்டி, கரண்டியில் எடுத்து விட்டால் பட்டை பட்டையாக விழுந்து உடனே மறைய வேண்டும், அதுதான் பதம். அங்கங்கே சின்னக் கட்டிகள் தெரிந்தால் விட்டுவிடுங்கள், பரோட்டா மாவு மாதிரி அடித்தால் இழுவை வந்து மீன் ரப்பராகிவிடும். மூடி அரை மணி நேரம் வையுங்கள். முட்டை வேண்டாதவர்கள் அதற்குப் பதில் மூன்று கரண்டி தயிரும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் போடலாம். நிறம் கொஞ்சம் வெளிறும், மற்றபடி குற்றமில்லை. மொறுமொறுப்பு இன்னும் வேண்டும் என்றால் மைதாவில் இரண்டு கரண்டியைக் குறைத்து அதே அளவு அரிசி மாவு சேர்த்துப் பாருங்கள். இது என் சொந்தச் சரக்கு, ஜப்பானில் யாராவது திட்டினால் நான் பொறுப்பில்லை.

இப்போது அச்சு. அதை இரண்டு பக்கமும் மூடியபடியே, ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்று மிதமான தீயில் சூடாக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் சீறிக்கொண்டு ஓட வேண்டும். தோசைக் கல்லுக்குச் செய்வது போல வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்க்க முடியாது, செதில் வரிக்குள் அது போகாது. சின்னத் துணியைக் குச்சியில் கட்டி எண்ணெயில் நனைத்து, கண், துடுப்பு, வால் என்று எல்லாச் சந்திலும் பூசுங்கள். ஒட்டுகிறது, ஒட்டுகிறது என்று புலம்புகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் அச்சு சூடாகும் முன்னால் ஊற்றியவர்கள்தான்.

ஊற்றுவது இப்படி. ஒரு பக்கக் குழியில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக மாவு விட்டு, கரண்டி முனையால் வாலுக்கும் தலைக்கும் தள்ளிவிடுங்கள். பூரணத்தை உருண்டையாக வைக்கக் கூடாது. 35, 40 கிராம் எடுத்து நடுவிரல் நீளத்துக்கு உருட்டி, தலையிலிருந்து வால் தொடங்குகிற இடம் வரை படுக்க வையுங்கள். ஜப்பானில் இது பெரிய வழக்கு, வால் வரைக்கும் பூரணம் இருக்க வேண்டும் என்று ஒரு கட்சி, வால் வெறும் மொறுமொறுப்பாக இருந்தால்தான் கடைசியில் வாய்க்கு ஒரு மாற்று என்று இன்னொரு கட்சி. தலையிலிருந்து தின்பதா வாலிலிருந்து தின்பதா என்று தனிச் சண்டை வேறு. பூரண வழக்கில் நான் வெறும் வால் கட்சி. மேலே பூரணம் மறைகிற அளவு மாவு ஊற்றி, அச்சை மூடி, உடனே திருப்பிவிடுங்கள். தயங்கக் கூடாது. அந்த நேரத்தில் மேல் மாவு இறங்கி மறுபக்கக் குழியை நிரப்பினால்தான் இரண்டு பக்கமும் மீன் உருவம் வரும். தயங்கினால் ஒரு பக்கம் மீன், மறுபக்கம் ஊத்தப்பம்.

திருப்பிய பக்கம் இரண்டரை நிமிடம், மறுபடி திருப்பி இரண்டரை நிமிடம். அதற்கு முன்னால் திறந்து பார்க்காதீர்கள், மீன் இரண்டாகப் பிளந்துகொள்ளும். அப்புறம் மெதுவாகத் திறந்து பார்த்து, நிறம் போதாதென்றால் ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம் கூட்டுங்கள். வெளியே கருகி உள்ளே மாவாக இருந்தால் தீ அதிகம், வெளிறி விறைத்துப்போனால் தீ குறைச்சல். ஓரத்தில் பிதுங்கி வந்த மாவு மெல்லிசாகக் கருகாமல் காய்ந்து நிற்கும், அதை ஹனே, அதாவது சிறகு என்பார்கள். சிலர் கத்தரித்து எறிகிறார்கள், அந்தப் பாவத்தைச் செய்யாதீர்கள், தின்பதற்கு ருசியான இடமே அதுதான். இந்த அளவு மாவில் எட்டு மீன் வரும்.

எடுத்ததும் தட்டில் படுக்க வைக்காதீர்கள். அடிப்பக்கம் வேர்த்துவிடும். கம்பி வலை இருந்தால் அதில், இல்லாவிட்டால் முறத்தில் இரண்டு குச்சி போட்டு அதன் மேல், ஒன்றோடொன்று ஒட்டாமல் நிறுத்தி வையுங்கள். இரண்டு நிமிடம் ஆவி போகட்டும், அப்புறம் தின்னுங்கள். பூரணம் வாயைச் சுட்டுவிடும், கவனம். ஹாட்பேக் பக்கம் போகவே போகாதீர்கள். எங்கேயாவது கொண்டுபோக வேண்டும் என்றால் முழுக்க ஆறவிட்டு, காகிதத்தில் சுற்றி எடுத்துப் போய், அங்கே தோசைக் கல்லில் எண்ணெய் இல்லாமல் சிறு தீயில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் வாட்டினால் பழைய உயிர் வந்துவிடும். செய்தித்தாளில் மட்டும் சுற்ற வேண்டாம், மை ஒட்டும்.

அச்சு இல்லையே என்கிறவர்களுக்கு: அச்சு வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இணையத்தில் விற்கிறார்கள்தான், ஆனால் நானே பூரணத்துக்குக் கை பழகியது பணியாரக் கல்லில்தான். குழியில் பாதி மாவு, நெல்லிக்காய் அளவு பூரணம், மேலே மாவு, மூடி போடாமல் சிறு தீயில் வேகவிட்டுக் கம்பியால் திருப்பிவிடுங்கள். உருவம் நம்ம பணியாரம், உள்ளம் ஜப்பான். சுசியத்தை எண்ணெயில் முக்காமல் சுட்ட மாதிரி இருக்கும் என்று உம்மா சொன்னதும் சரிதான்.

வட்ட இமாகவாயாக்கிக்கே போகலாம் என்றால், கேக் சாமான் விற்கிற கடையில் 7, 8 சென்டிமீட்டர் அகலத்தில் எவர்சில்வர் வளையம் கிடைக்கும். உள்பக்கம் எண்ணெய் தடவி, காய்ந்த தோசைக் கல்லில் நான்கு வளையம் வைத்து, எல்லாவற்றிலும் மூன்றில் ஒரு பங்கு மாவு ஊற்றுங்கள். இரண்டில் பூரணத்தை வடை போலத் தட்டி வையுங்கள், இரண்டை வெறுமனே விடுங்கள். மேல் மாவு பாதி வெந்து ஓட்டை ஓட்டையாக வரும்போது, வெறும் வட்டத்தை எடுத்துப் பூரணம் வைத்ததன் மேல் குப்புறக் கவிழ்த்து லேசாக அமுக்கினால் ஈர மாவு பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். திருப்பிப் போட்டு இன்னும் ஒரு நிமிடம். ஜப்பானிலேயே இதற்கு ஊருக்கொரு பெயர், ஓபான்யாக்கி என்று ஒரு பெயர் பழைய பெரிய தங்க நாணயத்தை வைத்து வந்தது. தைவானில் சக்கரப் பணியாரம் என்று விற்கிறார்கள், கொரியாவில் மீனின் இனத்தை மாற்றி ஆற்றுக் கெண்டை வகையாக்கிப் புங்ஒப்பாங் என்று குளிர்காலத்தில் தெருவெல்லாம் சுடுகிறார்கள். பலகாரம் கப்பல் ஏறுவது நமக்குப் புதிதா என்ன, மலாய்க்காரர்களின் டோடோலும் இலங்கைத் தொதொலும் நம்ம கீழக்கரைத் தொதலும் ஒரே குடும்பம்தானே.

தொதல் என்றதும் நினைவு வருகிறது, அதை மீனுக்குள் வைத்துச் சுடலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. சூட்டில் உருகி, எண்ணெய் கக்கி, அச்சின் இடுக்கு வழியாக ஒழுகி அடுப்பில் விழுந்து வீடெல்லாம் புகை. வேண்டாம். தேங்காய்ப்பூவும் கருப்பட்டியும் சேர்த்து ஈரம் வற்ற வதக்கிய பூரணம் அருமையாக வரும். சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைத்து மசித்துக் கொஞ்சம் வெண்ணெய் சேர்த்தாலும் நன்றாக இருக்கும், அங்கேயும் கிழங்குப் பூரணம் உண்டு. கஸ்டர்டும் சாக்லேட்டும்கூட இப்போது அங்கே நன்றாக ஓடுகின்றன. கஸ்டர்டு வைப்பதாக இருந்தால் வழக்கத்தைவிடக் கெட்டியாகக் காய்ச்சி, ஃப்ரிட்ஜில் இறுகவிட்டுத் துண்டாக வெட்டி வையுங்கள். தை மாதம் பனங்கிழங்கு வரும்போது அவித்து, நார் உரித்து, இடித்துக் கருப்பட்டியோடு வைத்துப் பார்த்தேன். ருசி எனக்குப் பிடித்தது, ஆனால் பல்லில் நார் மாட்டுகிறது என்று வீட்டில் யாரும் இரண்டாவது தொடவில்லை.

திருவிழாவிலோ வாசலிலோ அடுப்பு வைத்துச் சுட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கடை போட்டதில்லை, ரமலானில் தராவீஹ் என்கிற இரவுத் தொழுகை முடிந்து வருகிற பிள்ளைகளுக்கு வீட்டு வாசலில் சுட்டுக் கொடுப்பதோடு சரி. நோன்பு திறக்கிற நேரத்துக்கு இது ஆகாது, கஞ்சிக்கும் சமோசாவுக்கும் நடுவில் யாரும் வரிசையில் நின்று மீன் வாங்க மாட்டார்கள், முன்கூட்டிச் சுட்டு வைத்தால் நமுத்துவிடும். இரவுதான் சரி. வாசலில் வைத்துச் சுட்டபோது கற்றுக்கொண்டது காற்றைப் பற்றி. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், மீனுக்குத் தலை கருகும், வால் வேகாது. அடுப்பின் மூன்று பக்கமும் எண்ணெய் டின்னை வெட்டித் தகடாக நிறுத்துங்கள், முன்பக்கம் மட்டும் கை போக இடம் விட்டால் போதும். மாவை ஒரே பாத்திரத்தில் கரைத்து வைக்காமல் இரண்டு ஈடாகக் கரையுங்கள், பேக்கிங் பவுடர் போட்ட மாவு இரண்டு மணி நேரம் கிடந்தால் பொங்குகிற சக்தி போய்விடும். பூரணத்தை முன்பே விரல் விரலாக உருட்டி எண்ணி வைத்துக்கொண்டால் கூட்டத்தில் கை தடுமாறாது. அச்சு ஒன்றே ஒன்று இருந்தால் ஒரு ஈட்டுக்கு ஆறு நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், மணிக்கு இருபது மீனைத் தாண்டாது. பிள்ளைகள் வரிசையில் நின்று உயிரை எடுப்பார்கள், அதற்கு என்னிடம் மருந்தில்லை.

எல்லாம் முடிந்த பிறகு அச்சைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்துவிட்டுத் தூங்கப் போனால் காலையில் துரு உங்களை வரவேற்கும். என் அச்சில் ஒரு மீனுக்குக் கண் போனது அப்படித்தான், சுரண்டிச் சுரண்டி இப்போது அது பாதி குருடு. சூடு இருக்கும்போதே காய்ந்த துணியால் துடைத்து, ஒட்டியதை மரக்குச்சியால் கிளறி, நல்லெண்ணெய் இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி, இன்னும் ஒரு நிமிடம் தீயில் காட்டி ஆறவிட்டு, காகிதத்தில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வையுங்கள். கடலைப் பார்த்த ஜன்னல் பக்கம் மட்டும் வேண்டாம், அரிசிப் பானை இருக்கிற உள் அறையில் வையுங்கள்.